கலுமெட் பண்ணை: ஓர் உயிலும் ஒரு பொலிகுதிரையும்

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் கலுமெட் பண்ணை திவாலான கதையைச் சொல்பவர்கள், 1990 நவம்பரில் ஒரு குதிரையின் கால் முறிந்த இரவிலிருந்துதான் பெரும்பாலும் தொடங்குவார்கள். விறுவிறுப்பான இடம்தான். அது விபத்தா, கொலையா என்ற பேச்சு இன்னும் அடங்கவில்லை. ஆனால் சொத்து போன வழியைத் தேடுகிறவர் இன்னும் நாற்பது ஆண்டு பின்னால் போய், 1950 டிசம்பரில் இறந்த ஒரு பணக்காரரின் உயிலைத்தான் முதலில் எடுத்துப் படிக்க வேண்டும். அந்தப் பண்ணை யார் கைக்குப் போகும், யார் கைக்குப் போகாது என்பதை அந்தக் காகிதம்தான் முடிவு செய்தது. குதிரை அதற்குப் பிறகு வந்தது.

பேக்கிங் பவுடர் காசு

வில்லியம் மன்றோ ரைட் சிகாகோக்காரர். கேக்கும் ரொட்டியும் உப்புவதற்குப் போடும் பேக்கிங் பவுடரைச் செய்து விற்றார். கலுமெட் என்பது அந்தப் பவுடரின் பெயர். சிவப்பு டப்பாவில் ஒரு பூர்வகுடித் தலைவரின் முகம் இருக்கும். அமெரிக்கச் சமையலறைகளில் வீட்டுக்கு வீடு இருந்த டப்பா. 1924-இல் அவர் கென்டக்கியின் லெக்சிங்டன் நகரை ஒட்டி நிலம் வாங்கி, அதே பெயரில் ஒரு குதிரைப் பண்ணை வைத்தார். அது முதலில் வண்டிப் பந்தயக் குதிரைகளுக்கான பண்ணை. ஜாக்கி முதுகில் ஏறாமல், பின்னால் கட்டிய இரு சக்கர வண்டியில் உட்கார்ந்து ஓட்டுகிற பந்தயம் அது. அந்தப் பந்தயங்களில் பெரிதான ஹாம்பிள்டோனியனை 1931-இல் அவருடைய குதிரை வென்றது. அப்போது அவர் சாகக் கிடந்தார். அதே ஆண்டு இறந்தும் போனார்.

மகன் வாரன் ரைட் வேறு மாதிரி ஆள். அப்பாவுக்குக் குதிரைப் பித்து, மகனுக்குக் கணக்குப் பித்து. பவுடர் கம்பெனியை உண்மையில் வளர்த்தவர் அவர்தான். 1920களின் இறுதியில், பெரும் பங்குச் சந்தைச் சரிவை ஒட்டிய நாட்களில், கம்பெனியைச் சுமார் 3.2 கோடி டாலருக்கு விற்றுவிட்டார்கள். ஊரெல்லாம் காசில்லாமல் தவித்த 1930களில் கையில் ரொக்கத்தோடு இருந்த சில குடும்பங்களில் ரைட் குடும்பமும் ஒன்று. வாரன் வண்டிக் குதிரைகளை விற்றுவிட்டு, தரோபிரெட் எனப்படும் ஓட்டப் பந்தயக் குதிரைகளுக்கு மாறினார். 1936-இல் சாரடோகா ஏலத்தில் புல் லீ என்ற ஒரு வயதுக் குட்டியை 14,000 டாலருக்கு வாங்கினார். ஓட்டத்தில் அது சுமாருக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். பொலிகுதிரையாக நிறுத்தியபோதுதான் புதையல் என்று தெரிந்தது. அமெரிக்காவின் முதல்நிலைப் பொலிகுதிரையாக ஐந்து முறை வந்தது.

1939-இல் பென் ஜோன்ஸ் பயிற்சியாளராகச் சேர்ந்தார். அதன் பிறகு இருபது ஆண்டு கலுமெட்டின் காலம். 1941-இல் வேர்லவே மூன்று பெரும் பந்தயங்களையும், அதாவது கென்டக்கி டெர்பி, பிரீக்னஸ், பெல்மான்ட் மூன்றையும், ஒரே ஆண்டில் வென்று மும்முடி சூடியது. வேர்லவேக்கு ஒரு கெட்ட பழக்கம். வளைவில் உள்பக்கம் ஒட்டி ஓடாமல் வெளியே விலகிக்கொண்டே போகும். ஜோன்ஸ் அதன் கண் மறைப்பில் இடது பக்கக் குவளையை வெட்டி எடுத்தார். வலது பக்கம் தெரியாததால் குதிரை உள்ளோரத்தை விட்டு விலகவில்லை. டெர்பியில் எட்டு உடல் நீள வித்தியாசத்தில் வென்றது. 1948-இல் புல் லீயின் மகன் சைட்டேஷன் மீண்டும் மும்முடி. பரிசுப் பணத்தில் பத்து லட்சம் டாலரைத் தொட்ட முதல் குதிரையும் அதுதான். கலுமெட்டின் சிவப்பும் நீலமும் கலந்த ஜாக்கி உடையைப் பார்த்தாலே மற்ற லாயத்துக்காரர்களுக்கு வயிறு கலங்கிய காலம்.

அந்த உயில்

வாரன் ரைட் 1950 டிசம்பர் கடைசியில் இறந்தார். உயிலின் சாரம், நம் ஊர்ப் பத்திர எழுத்தர் மொழியில் சொன்னால், இதுதான்: மனைவி லூசிலுக்குப் பண்ணையில் ஆயுட்கால அனுபவ பாத்தியம், அவருக்குப் பிறகு தத்துப்பிள்ளை வாரன் ரைட் ஜூனியருக்கும் அவர் வாரிசுகளுக்கும் முழு உரிமை. லூசில் பண்ணையை ஆளலாம், அனுபவிக்கலாம். விற்கவோ, விரும்பியவருக்கு எழுதி வைக்கவோ முடியாது.

எழுதும்போது இதில் தவறென்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். விதவை மறுமணம் செய்துகொண்டால் சொத்து வேறு குடும்பத்துக்குப் போய்விடக் கூடாதே என்ற, எல்லா ஊர்ப் பணக்காரர்களுக்கும் உள்ள பயம்தான். லூசில் மறுமணமும் செய்துகொண்டார். 1952-இல் அவர் மணந்த ஜீன் மார்க்கி, கடற்படை அட்மிரல் பட்டம் பெற்றவர், ஹாலிவுட் எழுத்தாளர். ஹெடி லமார் உட்பட மூன்று திரை நடிகைகளை முன்பே மணந்து பிரிந்தவர். ஆனால் ரைட் பயந்தது நடக்கவில்லை. மார்க்கி பண்ணையைத் தொடவில்லை. லூசில் அதை முப்பது ஆண்டு நடத்தினார். கலுமெட் தன் பெயரில் வென்ற எட்டு கென்டக்கி டெர்பிகளில் நான்கு கணவர் காலத்தவை. 1952, 1957, 1958, 1968 ஆகிய நான்கும் அந்த அம்மாள் காலத்தவை. இதைப் பலர் சொல்வதில்லை. அவரை வெறும் செல்வச் சீமாட்டியாகக் காட்டிவிட்டுக் கடந்துபோகிறார்கள்.

அறுபதுகளின் பின்பாதியில் பண்ணை சோர்ந்தது. புல் லீ போய்விட்டது. அதற்கு இணையான இன்னொரு பொலிகுதிரை அமையவில்லை. இளம் பயிற்சியாளர் ஜான் வீச் வந்த பிறகு, 1975-இல் பிறந்த ஆலிடார் என்ற செம்பழுப்புக் குட்டியால் மறுபடி உயிர் வந்தது.

ஆலிடாரைத் தோற்றுப்போன குதிரையாகவே உலகம் நினைவில் வைத்திருக்கிறது. 1978-இல் மூன்று பெரும் பந்தயங்களிலும் அஃபர்ம்டு முதலிடம், ஆலிடார் இரண்டாமிடம். டெர்பியில் ஒன்றரை உடல் நீளம், பிரீக்னஸில் ஒரு கழுத்து, பெல்மான்ட்டில் ஒரு தலை. தூரம் குறைந்துகொண்டே வந்தது. அது முழுதும் கரையும் முன் பந்தயங்கள் முடிந்துவிட்டன. டெர்பிக்குச் சற்று முன்பு, லெக்சிங்டனின் கீன்லாந்து மைதானத்தில் நடந்த புளூ கிராஸ் பந்தயத்துக்கு, உடல் தளர்ந்திருந்த மார்க்கி தம்பதியைக் காரில் கொண்டுவந்து வேலியோரம் நிறுத்தினார்கள். ஜாக்கி ஹோர்ஹே வெலாஸ்கஸ் பந்தயத்துக்கு முன் குதிரையை அவர்களிடம் திருப்பிக் கொண்டுபோய்க் காட்டினார். அன்று ஆலிடார் பதின்மூன்று உடல் நீளத்தில் வென்றது.

அதே 1978-இல் வாரன் ஜூனியர் இறந்தார். 1980-இல் அட்மிரல் மார்க்கி. 1982 ஜூலையில் லூசில்.

லூசிலுக்குச் சொந்தமாகவும் பெரும் சொத்து இருந்தது, எண்ணெய் வருமானம். அது அவர் இஷ்டப்படி எழுதக்கூடியது. அதை மருத்துவ ஆராய்ச்சிக்கென ஓர் அறக்கட்டளைக்கு வைத்தார். பதினைந்து ஆண்டுக்குள் முழுவதையும் செலவழித்து மூடிவிட வேண்டும் என்று நிபந்தனை. அந்த அறக்கட்டளை சொன்னபடி 50 கோடி டாலருக்கு மேல் கொடுத்து முடித்து, 1990களின் இறுதியில் கதவைச் சாத்தியது. ஒரே குடும்பத்தின் இரண்டு காகிதங்களை அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். ஒன்று எழுதியவர் கண் மூடிய பிறகும் சொன்னதைச் செய்தது. மற்றொன்று, பண்ணையை முப்பது ஆண்டு காத்தவருக்கு அடுத்தவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையைக் கொடுக்காமல், குதிரைத் தொழிலை நடத்திப் பழகாதவர்கள் கையில் கொண்டுபோய்ச் சேர்த்தது.

வீட்டு மாப்பிள்ளை

உயிலின்படி பண்ணை வாரன் ஜூனியரின் மனைவிக்கும் நான்கு பிள்ளைகளுக்கும் வந்தது. மூத்த மகளின் கணவர் ஜே.டி. லண்டி. பக்கத்து ஊரான மிட்வேயில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். குதிரைத் தொழில் தெரிந்தவர். சின்ன வயதிலிருந்தே கலுமெட்டை நடத்த வேண்டும் என்று ஆசைப்பட்டவர் என்று அவரை அறிந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். லூசிலுக்கு அவரைக் கண்டாலே ஆகாது. தான் உயிரோடு இருந்தவரை பண்ணை நிர்வாகத்தில் அண்டவிடவில்லை.

லூசில் இறந்ததும் வாரிசுகள் கூடி லண்டியிடம் நிர்வாகத்தை முழுதாக ஒப்படைத்தார்கள். நம் பக்கம் 'பவர் எழுதிக் கொடுத்துவிட்டார்கள்' என்போமே, அதுதான். உள்ளூர்க்காரர், தொழில் தெரிந்தவர், வீட்டு மாப்பிள்ளை. யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பார்கள். தவறு ஒப்படைத்ததில் இல்லை. ஒப்படைத்த பிறகு ஆண்டுக்கு ஒருமுறையாவது கணக்கை விரித்துக் கேட்காததில்தான் இருந்தது. வந்த காகிதத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டார்கள். அவற்றில் சில வங்கிக் கடன் பத்திரங்கள். பண்ணை தங்கள் கைக்கு வந்தபோது அதன்மேல் கடன் இல்லை என்ற ஒன்றே போதும் என்று இருந்துவிட்டார்கள் போலும்.

லண்டி வந்ததும் பண்ணை மாறியது. குதிரைகளுக்கு நீச்சல் குளம், புதிய மருத்துவக் கூடம், டென்னிஸ் மைதானம், தனி விமானம். பழைய ஆட்கள் பலர் போனார்கள். ஜான் வீச்சும் நீடிக்கவில்லை. குதிரைகளை வாங்குவதும் விற்பதும் வேகமெடுத்தது.

காலமும் அவருக்கு ஒத்துழைப்பதுபோல் இருந்தது. எண்பதுகளின் முன்பாதியில் கென்டக்கியில் குதிரை விலை வானத்தில் நின்றது. துபாய் ஷேக்குகளும் ஐரோப்பியக் கூட்டாளிகளும் கீன்லாந்து ஏலத்தில் ஒருவரையொருவர் முந்திக்கொண்டார்கள். 1985-இல் சியாட்டில் டான்சர் என்ற ஒரு வயதுக் குட்டி 1.31 கோடி டாலருக்குப் போனது. சேணம் கூட ஏற்றாத குட்டி. இதில் வரிச் சலுகையின் பங்கும் பெரிது. டாக்டர்களும் வக்கீல்களும் குதிரையில் பங்கு வாங்கி, அதில் வரும் நஷ்டத்தைத் தங்கள் மற்ற வருமானத்தில் கழித்துக்கொண்டார்கள். 1986-இல் அமெரிக்க வரிச் சட்டம் மாறியது; தொழிலில் நேரடியாக ஈடுபடாதவர் நஷ்டத்தை அப்படிக் கழிக்க முடியாது என்று ஆனது. வெளியார் பணம் வடிந்தது, விலைகள் சரிந்தன. கலுமெட் அடமானம் வைத்திருந்தது உச்ச விலையில் மதிப்பிட்ட குதிரைகளை.

ஆலிடார் என்ற வங்கி

சந்தை சரிந்தபோதும் சரியாத ஒன்று பண்ணையில் இருந்தது. ஓட்டத்தில் இரண்டாமிடம் வந்த ஆலிடார், தகப்பனாக முதலிடத்தில் நின்றது. 1987 டெர்பியை வென்ற அலிஷீபா அதன் மகன். 1989 பெல்மான்ட்டை வென்ற ஈஸி கோயர் அதன் மகன். 1990-இல் ஆண்டின் சிறந்த குதிரையாகத் தேர்வான கிரிமினல் டைப்பும் அதன் மகன், அதுவும் கலுமெட் நிறத்திலேயே ஓடியது. அந்த ஆண்டின் சிறந்த வளர்ப்பாளர் விருதும் கலுமெட்டுக்கே. சுவரில் விருதும், பெட்டியில் வங்கிகளின் கடிதங்களுமாக ஒரே ஆண்டு.

ஒரு பொலிகுதிரை எப்படிப் பணமாகிறது என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும், இல்லையென்றால் நடந்தது புரியாது. தரோபிரெட் இனத்தில் செயற்கைக் கருவூட்டல் செல்லாது. ஆண் குதிரை நேரடியாக இணைந்தால்தான் குட்டியைப் பதிவேட்டில் ஏற்பார்கள். அதனால் ஒரு பருவத்தில் எத்தனை பெண்குதிரைகளைச் சேர்க்கலாம் என்பதற்கு உடம்பே ஓர் எல்லை. ஒவ்வொரு சேர்க்கைக்கும் கட்டணம் உண்டு. ஆலிடாரின் கட்டணம் உச்சத்தில் 2.5 லட்சம் டாலர் வரை போனது. இப்படிப்பட்ட குதிரையை வழக்கமாக நாற்பது பங்குவரை பிரித்து விற்றுவிடுவார்கள். ஆபத்தும் வருமானமும் எல்லோருக்கும் பகிரப்படும். ஆலிடாரை அப்படிப் பிரிக்கவில்லை. குதிரை முழுதும் பண்ணையினுடையது.

லண்டி வேறொன்று செய்தார். 'ஆயுள் சேர்க்கை உரிமை' என்று விற்றார். ஒருமுறை 25 லட்சம் டாலர் கட்டினால், குதிரை உயிரோடு இருக்கும்வரை ஆண்டுதோறும் உங்கள் பெண்குதிரையை அனுப்பலாம். மேலே சொன்ன கட்டணத்தோடு ஒப்பிட்டால் இது பத்து ஆண்டு வருமானத்தை இன்றே கையில் வாங்குவது. வாங்கியது சரி. அடுத்த ஆண்டு அந்த இடத்துக்குக் காசு வராது. அதற்கடுத்த ஆண்டும் வராது. உரிமைகள் கூடக் கூட, காசு கொடுத்து வருகிறவர்களுக்கான இடம் குறைந்தது. இடத்தைக் கூட்ட ஒரே வழி, குதிரையை இன்னும் அதிகமாக வேலை வாங்குவது. ஐம்பதை ஒட்டி இருப்பதே வழக்கமாக இருந்த காலத்தில் ஆலிடாருக்கு ஆண்டுக்கு நூறை ஒட்டிப் பெண்குதிரைகள். குட்டிகள் பெருகினால் குட்டி விலை இறங்கும், அதுவும் நடந்தது. விதை நெல்லையும் குத்திச் சாப்பிட்ட குடும்பத்தை நமக்குத் தெரியும். இவர்கள் அடுத்த பத்து ஆண்டு விளைச்சலையும் சேர்த்தே விற்றுச் சாப்பிட்டார்கள்.

இவ்வளவுக்கும் மேல் கடன். ஹூஸ்டனின் ஃபர்ஸ்ட் சிட்டி வங்கி மட்டும் பல கோடி டாலர் கொடுத்தது. அதே வங்கி 1988-இல் அரசு உதவியால் பிழைத்தது, 1992-இல் மறுபடி விழுந்தது. குதிரைப் பண்ணைக்கு ஹூஸ்டன் எண்ணெய் வங்கி ஏன் இவ்வளவு தாராளமாகக் கொடுத்தது என்ற கேள்விக்கு விடை பின்னால் நீதிமன்றத்தில் வந்தது.

இங்கே பென்னி செனரியை நினைக்காமல் இருக்க முடியவில்லை. அவரும் வாரிசுதான். 1973 ஜனவரியில் அப்பா இறந்தபோது வர்ஜீனியாவில் இருந்த பண்ணையின் மேல் பெரும் வாரிசு வரி வந்து விழுந்தது. கையில் இருந்தது செக்ரடேரியட் என்ற மூன்று வயதுக் குதிரை. அதை 32 பங்காக, பங்கு 1.9 லட்சம் டாலர் என்று, மொத்தம் 60.8 லட்சத்துக்குப் பிரித்தார். அன்றைக்கு அது சாதனை விலை. நான்கு வயதில் ஓடவிடாமல் பொலிக்கு அனுப்ப வேண்டும் என்ற நிபந்தனைக்கும் ஒப்புக்கொண்டார். அதே ஆண்டு செக்ரடேரியட், சைட்டேஷனுக்குப் பிறகு 25 ஆண்டு கழித்து மும்முடி சூடியது. அவரும் குதிரையை விற்றுத்தான் கடன் அடைத்தார். ஆனால் ஒருமுறை விற்றார், எல்லோருக்கும் தெரிய விற்றார். குதிரைக்கு ஏதாவது ஆனால் நஷ்டம் முப்பத்திரண்டு பேருக்குப் பகிரும்படி விற்றார்.

இன்னொரு பக்கம் ஃபிப்ஸ் குடும்பம். கார்னகியின் எஃகுக் கம்பெனியில் கூட்டாளியாக இருந்த ஹென்றி ஃபிப்ஸ், குடும்பச் சொத்தை நிர்வகிக்க 1907-இலேயே பெசமர் டிரஸ்ட் என்ற அமைப்பை வைத்தார். ஈஸி கோயரின் உரிமையாளர் ஓக்டன் ஃபிப்ஸ் அவருடைய பேரன். ஃபிப்ஸ்காரர்கள் தலைமுறை தலைமுறையாகத் தங்கள் பெண்குதிரைகளைக் கிளேபோர்ன் என்ற அடுத்தவர் பண்ணையில் வைத்து வளர்த்தார்கள். தங்களுக்கென்று வெள்ளை வேலியும் பெரிய வீடுமாக ஒரு சாம்ராஜ்யம் கட்டவில்லை. குதிரை அவர்களுக்குச் செலவு. அதைச் செலவுக் கணக்கிலேயே வைத்தார்கள். கலுமெட் வாரிசுகளுக்குக் குதிரைதான் வருமானம், குதிரைதான் அடமானம், குதிரைதான் பெயர். மூன்றும் ஒரே லாயத்தில் கட்டியிருந்தது.

நவம்பர் 13

1990 நவம்பர் 13 இரவு ஆலிடார் தன் கொட்டடியில் வலது பின்னங்கால் முறிந்து, வியர்த்து நடுங்கியபடி நிற்பதைப் பார்த்தார்கள். வழக்கமான இரவுக் காவலாளி அன்று இல்லை. வேறொருவர் பணியில் இருந்தார். மறுநாள் அறுவை சிகிச்சை செய்து கட்டுப் போட்டார்கள். அடுத்த நாள், 15-ஆம் தேதி, எழுந்து நடக்கும்போது அதே காலின் தொடை எலும்பும் முறிந்தது. ஊசி போட்டு முடித்துவைத்தார்கள். வயது பதினைந்து.

கொட்டடிக் கதவை உதைத்ததில் கால் முறிந்தது என்பதுதான் பண்ணை சொன்ன விளக்கம். கதவின் கீழே தரையில் பொருத்தியிருந்த உருளைத் தாங்கி பெயர்ந்து கிடந்தது. காப்பீட்டு நிறுவனங்கள் விபத்து என்று ஏற்று 3.65 கோடி டாலர் கொடுத்தன. அந்தப் பணத்தின் பெரும்பகுதி கடன்காரர்களுக்கே போனது. உரிமை வாங்கியிருந்தவர்களுக்கு? குதிரை உயிரோடு இருக்கும்வரை என்றுதானே எழுதியிருந்தது.

அடுத்த ஏப்ரலில் லண்டி பதவி விலகினார். மே மாதம், கலுமெட்டில் பிறந்து முன்பே விற்கப்பட்டிருந்த ஆலிடாரின் இன்னொரு மகன் ஸ்ட்ரைக் த கோல்ட், வேறொருவர் நிறத்தில் கென்டக்கி டெர்பியை வென்றது. ஜூலை 11-ஆம் தேதி பண்ணை மஞ்சள் கடுதாசி கொடுத்தது. கடன் சுமார் 12 கோடி டாலர். ஒன்பது ஆண்டுக்கு முன் சுழியாக இருந்த எண் அது.

விசாரணை

கொலையா என்ற கேள்வி பல ஆண்டு கழித்துத்தான் நீதிமன்றத்துக்குள் வந்தது, அதுவும் பின்வாசல் வழியாக. ஃபர்ஸ்ட் சிட்டி வங்கியின் வீழ்ச்சியைத் துருவிக்கொண்டிருந்த ஹூஸ்டனின் அரசு வழக்கறிஞர்கள் கலுமெட் கடன்களில் முட்டிக்கொண்டார்கள். அந்த இரவில் பணியில் இருந்தவர் விசாரணையில் பொய் சொன்னதற்காக 1998-இல் தண்டனை பெற்றார். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் (எம்.ஐ.டி.) பொறியியல் பேராசிரியர் ஒருவர் அந்த உருளைத் தாங்கியின் திருகாணிகளை ஆராய்ந்து, ஒரு குதிரை உதைத்து அவற்றை முறிக்கத் தேவையான விசை வராது என்று கணக்குப் போட்டார். காலில் கயிறு கட்டி வண்டியால் இழுத்திருக்கலாம் என்பது அரசுத் தரப்பின் ஊகம். கடன் தவணை நெருங்கிக்கொண்டிருந்தது, காப்பீடு ஒன்றுதான் வழி என்பது அவர்கள் சொன்ன காரணம்.

ஆனால் குதிரையைக் கொன்றதாக யார் மீதும் குற்றம் சாட்டப்படவே இல்லை. 2000-இல் லண்டியும் பண்ணையின் நிதி அதிகாரியாக இருந்தவரும் தண்டிக்கப்பட்டது வேறு குற்றத்துக்கு: வங்கி மேலாளர்களில் ஒருவருக்குக் கடன் என்ற பெயரில் பணம் கொடுத்து, பண்ணைக்குக் கடன் வாங்கியது. லஞ்சம், மோசடி, சதி. தண்டனை விதிக்கும்போது ஆலிடார் சாவையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று அரசுத் தரப்பு கேட்டது. நீதிபதி சந்தேகத்துக்கு இடமிருப்பதை மறுக்கவில்லை. ஆனாலும் லண்டியை அதற்குப் பொறுப்பாக்கப் போதிய ஆதாரம் இல்லை என்று தள்ளினார். லண்டிக்கு நான்கரை ஆண்டு. சாவு விபத்தே என்று வாதிடுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். பெரிய பொலிகுதிரைகள் கொட்டடியிலேயே காலை முறித்துக்கொள்வது கேட்டிராத செய்தியும் இல்லை.

என் பார்வையில் இந்தக் கேள்வி வழக்கின் மையமே இல்லை. விபத்து என்றே வைத்துக்கொள்வோம். அன்று கால் முறியாமல் ஆலிடார் இன்னும் பத்து ஆண்டு வாழ்ந்திருந்தாலும் கலுமெட் பிழைத்திருக்காது. அந்தப் பத்து ஆண்டுகளை ஏற்கெனவே விற்றாகிவிட்டது. கொலை என்றே வைத்துக்கொண்டாலும், உயிரோடு இருக்கும் குதிரையைவிடச் செத்த குதிரைக்கு மதிப்பு அதிகம் என்ற நிலை வந்த பிறகுதான் அந்தச் சந்தேகமே எழுகிறது. அந்த நிலையை உண்டாக்கிய காகிதங்களில் வாரிசுகளின் கையெழுத்தும் இருந்தது. தங்களுக்கு ஒன்றும் தெரியாது, நம்பினோம் என்று அவர்கள் பின்னால் சொன்னதை நான் சந்தேகிக்கவில்லை. தெரிந்துகொள்ள ஒன்பது ஆண்டு அவகாசம் இருந்தது என்பதையும் சேர்த்தே எழுத வேண்டியிருக்கிறது.

ஏலம்

1992 மார்ச் 26-இல் பண்ணை ஏலத்துக்கு வந்தது. சுமார் 760 ஏக்கர், வெள்ளை வேலிகள், சிவப்பு விளிம்பிட்ட லாயங்கள், புல் லீயின் சிலை நிற்கும் குதிரைக் கல்லறை. ஆயிரக்கணக்கில் கூடிய ஊர்க்காரர்களுக்கு ஒரே பயம்: விமான நிலையத்தை ஒட்டிய நிலம், யாராவது வாங்கி மனை போட்டுவிடுவார்களோ. விமானங்களை வாங்கி விற்கும் தொழில் செய்த போலந்துக்காரர் ஹென்றிக் டி க்வியாட்கோவ்ஸ்கி 1.7 கோடி டாலருக்கு எடுத்தார். குதிரை வளர்ப்பவர் என்று தெரிந்ததும் கூட்டம் ஆர்ப்பரித்தது. 'கலுமெட்' என்ற பெயரைத் தனியாக ஏலம் விட்டார்கள், அதற்கு 2.1 லட்சம். அதையும் அவரே எடுத்தார். கோப்பைகள் யாருக்கு என்ற வழக்கு இன்னும் சில ஆண்டு இழுத்து, கடைசியில் மாநில அரசும் மக்களும் பணம் போட்டு மீட்டு, லெக்சிங்டனின் குதிரை அருங்காட்சியகத்தில் வைத்தார்கள்.

க்வியாட்கோவ்ஸ்கி 2003-இல் இறந்தார். அவர் குடும்ப டிரஸ்ட் பண்ணையை 2012-இல் சுமார் 3.6 கோடி டாலருக்கு விற்றது. இப்போது நடத்துபவர் புகையிலைத் தொழிலில் பணம் சேர்த்த பிராட் கெல்லி. 2013-இல் கலுமெட்டின் ஆக்ஸ்போ பிரீக்னஸை வென்றது. அதே ஆண்டு டெர்பியை வென்ற ஆர்ப், ஃபிப்ஸ் குடும்பக் குதிரை. இத்தனை தலைமுறையாக ஓட்டி அவர்களுக்குக் கிடைத்த முதல் டெர்பி அது.

கலுமெட்டில் பிறந்த குதிரை டெர்பியை மறுபடி வென்றது 2022-இல். ரிச் ஸ்ட்ரைக் என்று பெயர். அதற்கு முந்தைய செப்டம்பரில், ஓடும் குதிரைகளைக் குறித்த விலைக்கு யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்ற வகைப் பந்தயம் ஒன்றில் கலுமெட் அதை நிறுத்தியது. பதினேழு உடல் நீளத்துக்கு மேல் வித்தியாசத்தில் வென்ற கையோடு 30,000 டாலருக்கு வேறொருவர் எடுத்துக்கொண்டு போனார். டெர்பியில் ஒன்றுக்கு எண்பது என்ற விகிதத்தில் ஓடி முதலில் வந்தது. வெற்றிப் பட்டியலில் வளர்ப்பாளர் பத்தியில் கலுமெட் என்றும், உரிமையாளர் பத்தியில் வேறு பெயரும் இருக்கிறது, 1991-இல் இருந்ததைப் போலவே.